பேப்பர் நனையாத கிண்ணம்

போன வருடம் வெயில் காலம் முடிகிற நேரம். ஏரிக்குத் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில், டீக்கடையில் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் சேத்தியாத்தோப்பைத் தாண்டி ஒரு பெரிய ஏரிக்கரையில், எனக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரும் இல்லாத ஒரு கட்டடத்தில், வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். சும்மா உட்காரும் பழக்கம் எனக்குக் கிடையாது.

எனக்கு விருத்தாசலம். நானும் என் வீட்டுக்காரரும் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு செராமிக் பட்டறை நடத்துகிறோம். கப், ஊறுகாய் ஜாடி, பூந்தொட்டி, கொலு சமயத்தில் பொம்மை. இதற்கு நடுவில் எனக்காக மட்டும் சில பொருட்கள் செய்வேன். இலை, கூழாங்கல், பாசி பிடித்த படிக்கட்டு என்று மனதில் தங்கிப்போனதை எல்லாம் மண்ணில் பிடித்துப் பார்ப்பேன். அவை விற்பதில்லை. அலமாரியில் தூசு படிந்து கிடக்கும். அவற்றைப் படம் பிடித்து என் தங்கை மகள் எங்கோ அனுப்பி வைத்தாள். அதன் பலன்தான் அந்த ஏரிக்கரை.

அது ஏரியையும் பறவைகளையும் ஆராய்கிற ஒரு நிலையம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட கட்டடம், சில அறைகள், ஒரு சமையல்கட்டு, ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு நீளமான வராந்தா. அவ்வளவுதான். அங்கே ஆராய்ச்சிக்காரர்களோடு சேர்த்து, வருடத்துக்கு ஒரு கலைஞரையும் ஒரு மாதம் தங்க வைக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எதுவும் செய்ய வேண்டாம், பாருங்கள், தோன்றினால் செய்யுங்கள் என்றார்கள். வீட்டுக்காரருக்கு இது புரியவே இல்லை. "சோறு போட்டு, எடம் குடுத்து, சும்மா இருன்னு சொல்றாங்களா? நல்லா வெசாரிச்சியா நீ?" என்று பஸ் ஏற்றிவிடும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் சில நாட்கள் கைகள் தவித்தன. பிறகு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. விடியும்போது ஏரிப் படுகை முழுக்க வெள்ளையாக ஒரு புகை நிற்கும். அதற்குள் கொக்குகள் நடப்பது தெரியாது, நகர்வது மட்டும் தெரியும். வெயில் ஏற ஏறப் புகை விலகி, வெடித்த சேறு வெளியே வரும். மேலே பூசிய பளபளப்புப் பூச்சு, எங்கள் பாஷையில் க்ளேஸ், விரிசல் விட்ட தட்டு மாதிரி அத்தனை கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் பின்தொடர்ந்து போவேன். திரும்பி வரும்போது மத்தியானம் ஆகியிருக்கும். சாப்பிட்டேனா இல்லையா என்று சமையல்காரம்மாவைக் கேட்கிற நிலைமை. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றுகூடச் சில சமயம் சந்தேகம் வந்தது. பட்டறையில் மோட்டார் சத்தத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு, காற்றுக்கும் ஒரு சத்தம் உண்டு என்பது அங்கேதான் காதில் விழுந்தது.

அங்கே தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். நான் மரியாதைக்கு மேடம் என்று கூப்பிட்டேன். "மேடம்லாம் வேணாங்க்கா. எனக்கு வேப்பூருதான். எங்க வூட்டு ஊறுகா ஜாடியே உங்க ஊருல வாங்குனதுதான்" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் அக்கா, தங்கச்சி.

ஒரு நாள் காலை அவள் என்னைப் படுகைக்குள் அழைத்துப் போனாள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு. "பாத்து வாங்கக்கா, மிதிச்சிடப் போறீங்க" என்றாள். எதை மிதிக்கப் போகிறேன் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மண், கூழாங்கல், காய்ந்த சாணம். அவள் விரலை நீட்டிக் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கணத்தில், மண்ணே முட்டையாக மாறியது போல, நான்கு முட்டைகள் தெரிந்தன. மண்ணின் நிறம், அதன் மேல் கறுப்புத் தீற்றல்கள். கூர்முனைகள் நான்கும் நடுவில் கூடி இருந்தன. கூடு என்று எதுவும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிப் பொறுக்கி வைத்த கற்கள், அவ்வளவுதான். தலைக்கு மேலே அவற்றைப் பெற்ற ஆள்காட்டிக் குருவிகள் இரண்டும் கத்திக் கத்தி வட்டமிட்டன. எத்தனையோ வருடமாகக் கலர் கலக்குகிறேன், அந்த மாதிரி ஒரு நிறம் எனக்கு வாய்த்ததில்லை. பொறாமையாக இருந்தது.

"தண்ணி வந்தா மொதல்ல முழுவுறது இந்த எடந்தாங்க்கா" என்றாள்.

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"எழுதி வெப்பேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர்கள் தொழிலில் கூட்டில் கை வைக்கக்கூடாது. பார்க்கலாம், எண்ணலாம், அவ்வளவுதான். தண்ணீர் வரும் வருடங்களில் கூடுகள் மூழ்குவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது. அந்த வருடம் நிலையத்துப் பெரியவர்களிடம் மன்றாடி, ஒரே ஒரு கூட்டை மட்டும் உயர்த்திப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். முட்டைகளை ஒரு தட்டில் அதே மண்ணோடும் கற்களோடும் வைத்து, தட்டுக்குக் கீழே ஒவ்வொரு செங்கல்லாகச் செருகிக்கொண்டே போவது. பறவை பயப்படாத அளவுக்கு மெல்ல மெல்ல. தண்ணீர் வருவதற்குள் கூடு மேலே போய்விட வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் தட்டு வெயிலில் கொதித்தது, தகரம் அதைவிட மோசம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் வந்துவிட்டது. சும்மா இருக்கச் சொன்ன இடத்தில் எனக்கென்று ஒரு வேலை. அன்றைக்கே பஸ் பிடித்து விருத்தாசலம் வந்துவிட்டேன்.

அந்தக் கிண்ணத்தைப் போல வேறு எதையும் நான் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை. அகலமாக, தாழ்வாக, விளிம்பு மட்டும் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும்படி செய்தேன். படுகையிலிருந்து கொண்டுவந்த மண்கட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நிறம் வரும்வரை க்ளேஸைக் கலந்து கலந்து சுட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் சூளைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்டுக் கொலுவுக்குக்கூட நீ இப்படிப் பார்த்துப் பார்த்து செஞ்சதில்ல, குருவிக்கு யோகந்தான்" என்றார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கிண்ணமோ ஜாடியோ சூளையிலிருந்து வந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். மணி மாதிரி சத்தம் வர வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றிப் பழைய பேப்பர் மேல் இரவு முழுக்க வைப்போம். காலையில் பேப்பர் நனைந்திருந்தால் அந்தச் சரக்கு வெளியே போகாது. என் கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன். குருவிக் கிண்ணத்துக்கும் அதையேதான் செய்தேன். காலையில் பேப்பர் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. நிலையத்துக்குப் போன பிறகும் பெருமை தாங்காமல், தங்கச்சி எதிரே மேஜை மேல் ஒரு பேப்பரை விரித்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "ஒரு சொட்டு ஒழுவலியேக்கா" என்று அவள் கைதட்டினாள்.

படித்தவள் ஒருத்தி, தொழில் தெரிந்தவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

குழி இருந்த இடத்திலேயே கிண்ணத்தைப் புதைத்து, மண்ணும் கற்களும் பரப்பி, முட்டைகளை இருந்த மாதிரியே வைத்துவிட்டுக் கரைக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். தாய்ப்பறவை நடந்து வந்தது. நின்றது. கிண்ணத்தின் விளிம்பை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு சட்டென்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தங்கச்சி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று நசுங்கியது. அடுத்தடுத்த நாட்களில் ஒரு செங்கல், பிறகு இன்னொன்று. சுற்றிலும் மண்ணை அணைத்துச் சரிவாக்கினோம். பறவை எங்களைத் திட்டிக்கொண்டே ஏற்றுக்கொண்டது.

அதன்பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. காலையும் மாலையும் வராந்தாவிலிருந்து பைனாகுலரில் பார்ப்பேன். நான் செய்த கிண்ணத்தில் ஒரு உயிர் உட்கார்ந்து இன்னும் நான்கு உயிர்களுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சூளையும் அதன் வயிறும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். அதையே யோசித்தபடி ஒரு மயக்கத்தில் இருப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம். தங்கச்சி தன் கூடப்பிறந்த அக்காவின் வளைகாப்புக்காக வேப்பூர் போயிருந்தாள். வானம் கறுத்து, தூரத்து வயல்களைத் தாண்டி மழை நடந்து வருவது தெரிந்தது. கோடையில் காய்ந்து கிடந்த படுகையில் முதல் துளிகள் விழுந்ததும் எழுந்த வாசனையை எழுத எனக்குத் தெரியாது. வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுக் கப்பைப் படிக்கட்டில் வைத்தேன். மழை வலுத்தது. ஏரியும் வானமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்து போனது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. படிக்கட்டில் இருந்த என் கப்பைப் பார்த்தேன். அது நான் செய்த கப், ஊரிலிருந்து கொண்டுவந்தது. மழைத்தண்ணீர் நிறைந்து, விளிம்பில் ததும்பி வழிந்துகொண்டிருந்தது. நல்ல கப், ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று மனம் வழக்கம்போலச் சொன்னது.

அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டேன்.

தரையில் இருந்த குழியாக இருந்தால் தண்ணீரை மண் குடித்துவிடும். நான் செய்தது குடிக்காது. இரவெல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்து நானே பார்த்து உறுதி செய்துகொண்டதுதானே.

சமையல்கட்டில் கையில் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரையும் இஞ்சி நசுக்கும் கல்லையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். படுகை களிமண் காலைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பை அதுவே வைத்துக்கொண்டது, இன்னொன்றை நானே உதறிவிட்டேன். மேட்டுக்குப் பக்கத்தில் போகும்வரை பறவை எழவே இல்லை. இரண்டு சிறகையும் விரித்துக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. நான் கை நீட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அலறிக்கொண்டு பறந்தது. கிண்ணம் முழுக்கச் சேற்றுக் குழம்பு. அதில் முட்டைகளின் முதுகு மட்டும் தெரிந்தது.

தங்கச்சி இல்லாமல் கூட்டில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை என்பது நினைவுக்கு வராமல் இல்லை. முட்டைகளை எடுத்துத் துப்பட்டாவில் சுற்றி வயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். அவை சில்லென்று இருந்தன. கிண்ணத்தைக் கவிழ்த்துச் சேற்றைக் கொட்டி, அடிப்பாகத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கல்லால் தட்டினேன். அது மணி மாதிரி ஒலித்தது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் மணிச் சத்தம். என் கை முழுப்பலத்தோடு இறங்கவே மறுத்தது. வாழ்க்கையில் ஒரு நல்ல பாத்திரத்தை நானாக உடைத்ததில்லை. பறவைகள் இரண்டும் என் தலையை உரசிக்கொண்டு கத்தின. வயிற்றில் நான்கு குளிர்ந்த முட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டேன். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அங்கிருந்து விளிம்புவரை ஒரு கீறலும் ஓடியது. ஆனால் இரண்டாக உடையவில்லை.

இனி கிண்ணத்தில் போடக் காய்ந்த மண் வேண்டும். சுற்றிலும் மழை. கூழாங்கல்கூட ஈரம். அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் செங்கற்களுக்கு நடுவில், கிண்ணம் இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே மட்டும் மண் பொடிப்பொடியாக, வெதுவெதுப்பாக, காய்ந்து கிடந்தது. மேலே இருந்தவற்றை நனையவிட்ட கிண்ணம் கீழே இருந்ததைப் பொத்திப் பாதுகாத்திருந்தது. அதன் மேல் குனிந்து முதுகால் மழையை மறைத்து, அந்த மண்ணைக் கைநிறைய அள்ளினேன். ஓட்டைக்கு மேல் கற்களை அடுக்கி, மேலே மண்ணைப் பரப்பி, கூர்முனைகள் நடுவில் சேரும்படி முட்டைகளை வைத்தேன். பிறகு அந்த இடத்திலிருந்து விலகி வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மழை மெலிந்து தூறலானது. மேற்கே மேகம் கிழிந்து மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஈரப் படுகை முழுவதும் பித்தளைத் தாம்பாளமாக மின்னியது. அவ்வளவு அழகான மாலையை நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வா வா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தேன். பறவை மேட்டின் மறுபக்கம் இறங்கி நின்றது. சில அடி நடக்கும், நிற்கும், எதையோ கொத்துவது மாதிரி பாசாங்கு செய்யும். கடைசியில் கிண்ணத்தின் மேல் ஏறி, கீறல் ஓடிய விளிம்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறகுகளை உதறி, அடங்கி உட்கார்ந்தது. நான் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் தங்கச்சி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டைத் தொட்டதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் கைதட்டுனேன்க்கா" என்றாள். "நீங்க தண்ணி ஊத்திக் காட்டுனப்ப நான் கைதட்டுனேன்."

முட்டைகள் பிழைத்தனவா என்று கேட்டால், "ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா, இருந்துதான் பாக்கணும்" என்பாள். என் மாதம் முடிந்தது. நான் கிளம்பவில்லை, அவர்களும் போகச் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது, வழக்கமான கேலியை எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் நிறுத்தி, "பொறிச்சதும் சொல்லு. நான் சூளயப் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு காலையில் தண்ணீர் வந்தது. வெள்ளம் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். அது ஓசையே இல்லாமல், யாரோ பாய் விரிப்பது போல வந்தது. முன்னால் பூச்சிகள் ஓடின, அவற்றின் பின்னால் கொக்குகள். வெடிப்புகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நான் கண்ணால் நடந்த கோடுகள் எல்லாம் மறைந்தன. அடுத்த நாட்களில் மேட்டின் மூன்று பக்கமும் தண்ணீர். கரைப்பக்கம் மட்டும் ஒற்றையடி அகலத்துக்கு மண் மிச்சமிருந்தது. கீழ்ச்செங்கல் நனைந்துவிட்டது.

புகை விலகாத ஒரு விடியலில் தங்கச்சி பைனாகுலரை என் கையில் திணித்தாள். தாய் எழுந்து நின்றிருந்தது. அதன் கால்களுக்கு நடுவில் ஏதோ தடுமாறியது. கூழாங்கல் ஒன்றுக்குக் கால் முளைத்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வெயில் ஏறிய பிறகு மூன்றாவது. தாய் முன்னால் போய்க் கூப்பிட, மூன்றும் விளிம்பிலிருந்து உருண்டு இறங்கி, அந்த ஒற்றையடி மண் வழியாக ஓடி வந்தன. மேலே ஒரு பருந்து வந்ததும் தாய் குரல் கொடுத்தது. அவ்வளவுதான், மூன்றும் மண்ணாகிவிட்டன. எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பருந்து போனதும் மண் மறுபடி எழுந்து ஓடியது.

நான்காவது முட்டை கிண்ணத்திலேயே இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். பெற்றவை திரும்பி வரவில்லை. அதைத் தங்கச்சிதான் எடுத்தாள். மழைதான் காரணமா என்று கேட்டேன். "மழை இல்லாமயும் ஒண்ணு ரெண்டு பொறிக்காம போவுங்க்கா" என்றாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று நான் துருவிக் கேட்கவில்லை.

தங்கிப்போகும் கலைஞர்கள் ஏதாவது ஒன்றை நிலையத்துக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்து அவ்வப்போது நான் வரைந்திருந்த படங்களைக் கொடுத்தேன். கிண்ணத்தைத் தண்ணீரில் இறங்கி எடுத்து, கழுவி, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வருடம் அவர்கள் இன்னும் சில கூடுகளுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அவற்றுக்கான கிண்ணங்களை க்ளேஸ் இல்லாமல், சல்லடை மாதிரி ஓட்டைகளோடு செய்து அனுப்பினேன். எங்கள் பட்டறையிலிருந்து ஒழுகும் சரக்கு வெளியே போவது இதுதான் முதல் முறை. வீட்டுக்காரர் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, பேப்பர் நன்றாக நனைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

கீறல் விழுந்த பழைய கிண்ணம் எங்கள் கடையில் முன்வரிசையில் இருக்கிறது. உடைந்ததை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள், சிரித்துச் சமாளிக்கிறேன். ஆனால் மழை பிடிக்கும் போதெல்லாம், நான் அவ்வளவு பெருமைப்பட்ட கிண்ணத்துக்கு உள்ளேயே குளிர்ந்து கிடந்த அந்த ஒரு முட்டை என் வயிற்றோடு ஒட்டிக்கொள்வது போல இருக்கிறது. இது யாருக்காகச் செய்கிறேன், அவர்களுக்கு இது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் மண்ணில் கை வைப்பதில்லை.